ரம்பப்பல் கேட்

"என் சித்தப்பன் சாகணும். சட்டம் கொல்லுமா, நான் கொல்லணுமாங்கிறதை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

கேஸ் கொடுக்கிறவர் வாயைத் திறந்ததும் இப்படி ஆரம்பித்தால் யாராக இருந்தாலும் கிளம்பச் செருப்பைத்தான் தேடுவார்கள். சில்லறை என்ற உதவியாளனும் தேடினான். ஆனால் கிடுக்கி மேடம், மூலையில் கிடந்த மரப்பெட்டியின் மேல் கைக்குட்டையை விரித்துச் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று அர்த்தம்.

கிடுக்கி மேடம் பாதி ஆயுளை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கள்ள கிளெய்ம் பிடிப்பதிலேயே கழித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். பிடித்தால் விடமாட்டார் என்பதால் வந்த பட்டம் அது. அவருடைய உதவியாளன் சில்லறை, முன்னாள் பஸ் கண்டக்டர். "சில்லறை அப்புறம் தரேன்" என்று பயணிகளிடம் சொல்லிச் சொல்லியே வேலையைத் தொலைத்தவன். அந்தச் சொல் மட்டும் இன்னும் அவனை விட்டபாடில்லை.

எதிரே நின்றவன் சின்னவன். கேட்டும் கிரில்லும் செய்யும் அந்தப் பட்டறையை நடத்திய மூன்று அண்ணன் தம்பிகளில் கடைக்குட்டி. நாற்பதைத் தொடப்போகும் வயது, புஜமெல்லாம் நெருப்புப்பொறி சுட்ட தழும்பு. கட்டிடத்துக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பேசிக்கொண்டே ஒரு கம்பியின் முனையைக் கிரைண்டரில் கொடுத்துத் தீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கம்பி எந்தக் கேட்டுக்குப் போகப்போகிறது என்று கேட்கச் சில்லறைக்குத் தைரியம் வரவில்லை.

"தம்பி, கொஞ்சம் அந்த மெஷினை நிறுத்துங்க" என்றார் கிடுக்கி. "கோபத்தைக் கேக்கணும்னா சத்தம் இல்லாம இருக்கணும்."

சின்னவன் நிறுத்தினான். விஷயம் கடகடவென்று வந்தது. பெரியண்ணனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இன்னும் படுக்கைதான். போன மாதம் நடு அண்ணன். கை கால் இழுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியில் பேச்சும் போனது. இரண்டு பேரும் ஐம்பதைத் தொடாதவர்கள்.

"நடு அண்ணன் விழுந்த அன்னிக்குக் காலையில என் சித்தப்பன் வாங்கிக்கொடுத்த டீயைக் குடிச்சிருக்கார். எங்கப்பாவோட கூடப்பிறந்தவன். எதிர்த்த தெருவுல பட்டறை வெச்சிருக்கான். தனியா பிரிஞ்சப்புறம், எங்கப்பா இருந்தவரைக்கும் முகத்துல முழிச்சதில்ல. பெரியண்ணன் விழுந்ததும் ஓடி வந்து கட்டிப்பிடிச்சு அழுதான். பாசம்னு நம்பிட்டோம். தினம் டீக்கடையில எங்களுக்கு உபசாரம். டீயில ஏதோ கலக்கறான் மேடம். அடுத்தது நான்தான்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, சிகரெட்டைப் பற்றவைத்து ஆழமாக இழுத்தான்.

"அப்பா எப்படித் தவறினார்?"

"ஏணியில நின்னு கேட் மாட்டும்போது விழுந்துட்டார். கால் மரத்துப்போச்சுடான்னு சொல்லிட்டே விழுந்தார். அவர் போட்ட டிசைன்தான் இது."

சுவரில் சாத்தியிருந்த கேட்டைக் காட்டினான். ஊரில் பாதி வீட்டு வாசலில் சில்லறை பார்த்த கேட்தான். நடுவே வெறும் ஓட்டை. அதைச் சுற்றிப் பிறை போல வளைந்து நிற்கும் கம்பிகள், ஓரமெல்லாம் ரம்பத்தின் பல் போல முன்னும் பின்னும் மடங்கியவை. ரம்பப்பல் கேட் என்று சொன்னால் குழந்தையும் இந்தப் பட்டறைக்கு வழி காட்டும்.

"அப்பாவுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சு?" என்றார் கிடுக்கி.

சின்னவன் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டான். "அது தொழில் ரகசியம். எங்க வீட்டு ஆம்பளைங்களைத் தவிர யாருக்கும் சொல்றதில்ல."

"தலைவலியா தம்பி?"

"அடிக்கடி வரும். அதை விடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லலைன்னா, இந்தக் கம்பி சொல்லும்."

வெளியே வந்ததும் சில்லறை பெருமூச்சு விட்டான். "மேடம், இந்தாள் நம்மளைக் கூப்பிட்டதே தப்பு. இவருக்கு வேண்டியது துப்பறியும் ஆள் இல்ல, ஜாமீன் எடுக்கிற ஆள்."

"அந்தக் கேட்டை நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன். தாவிக் குதிச்சா வேட்டி கிழியும்."

கிடுக்கி கேட்டின் வளைவை விரலால் காற்றில் வரைந்துகொண்டே நடந்தார்.

டீக்கடை இரண்டு பட்டறைகளுக்கும் நடுவில், இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார். கிடுக்கி தன்னை இன்சூரன்ஸ்காரர் என்று சொல்லிக்கொண்டார். பழைய அடையாள அட்டை இன்னும் அவர் பையில்தான் இருந்தது, தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டுவார்.

"எதிர்ப் பட்டறைக்காரர் அண்ணன் பசங்களுக்கு வாங்கிக்கொடுத்த டீ எது? அதே மாதிரி ஒண்ணு போடுங்க" என்றான் சில்லறை. டீ வந்ததும் மேடம் பக்கம் திரும்பினான். "நான் விழுந்துட்டேன்னா கேஸ் முடிஞ்சது. என் பைக்கை மட்டும் என் மச்சான்கிட்ட கொடுத்துடாதீங்க." ஒரே மடக்கில் குடித்தான். விழவில்லை. இன்னொன்று கேட்டான்.

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. "என் டீயிலயா விஷம்? எல்லாருக்கும் ஒரே பாய்லர்தாம்மா. அவரும் அதையேதான் குடிப்பார், சர்க்கரை இல்லாம. டீயோட ஆளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் வாங்கிக் கொடுப்பார், பாவம். பாசக்காரர்."

"அவர் என்ன சிகரெட் பிடிப்பார்?"

"அவரா? முன்னெல்லாம் புகைபோக்கி மாதிரி ஊதுவார். பெரியவன் விழுந்து கொஞ்ச நாள்ல, எங்கேயோ வெளியூர் போய்ட்டு வந்தார். அதோட விட்டுட்டார். காலையில நடைப்பயிற்சி, உப்பு கம்மி. ஆளே மாறிட்டார். தன் பையனையும் தொட விடமாட்டார். ஒரு நாள் இங்க அவன் கையில சிகரெட்டைப் பார்த்துட்டு, நடுத்தெருன்னுகூட பார்க்காம அறைஞ்சார்."

கிடுக்கியின் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"சில்லறை, தன் பையன் தொட்டா அறையறார். அண்ணன் பசங்களுக்குத் தானே வாங்கிக்கொடுக்கிறார். என்ன புரியுது?"

"எதிரிக்கு தினம் செலவு பண்றவரை இப்பதான் பார்க்கறேன் மேடம். எனக்கு எதிரி யாராவது இப்படி அமைய மாட்டாங்களா?"

"வாயை மூடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம். நடுத்தர வயதுப் பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிறவர். சின்னவன் போனில் சம்மதம் சொன்னபிறகுதான் வாயைத் திறந்தார்.

"விஷமெல்லாம் இல்ல. ரெண்டு பேர் ரத்தத்தையும் அலசியாச்சு. இது பக்கவாதம். ஆனா அந்த வயசுல, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் வந்ததுதான் எனக்கு உறுத்திட்டே இருக்கு."

"ஏன் உறுத்துது?"

"ஒரு பரம்பரை வியாதி இருக்கு. ஒரே ஒரு ஜீன்ல வர்ற பிழை. மூளைக்குப் போற சின்னச் சின்ன ரத்தக்குழாய்களோட சுவரு கொஞ்சம் கொஞ்சமா உளுத்துப்போகும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா, பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

"பூவா தலையா மாதிரி" என்றான் சில்லறை.

"அதேதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா சுண்டுவாங்க."

"தெரிஞ்சா மட்டும் என்ன செய்ய முடியும் டாக்டர்? ஜீனைக் கழட்டி மாட்டவா முடியும்?" என்று கேட்டார் கிடுக்கி.

டாக்டருக்குச் சாப்பாடு மறந்துவிட்டது. "முடியாது. ஆனா வைத்தியமே மாறிடும்மா! பி.பி.யை இறுக்கிப் பிடிக்கணும். சிகரெட்டைத் தொடவே கூடாது. இந்த வியாதி உள்ளவன் சிகரெட் பிடிச்சா, பத்து வருஷம் கழிச்சு வர்ற வாதம் இப்பவே வந்து நிக்கும். ரத்தத்தை இளக்குற மாத்திரையை யோசிச்சு யோசிச்சுத்தான் கொடுக்கணும். உளுத்த குழாய் பாருங்க, கசிஞ்சுடும். நடு அண்ணனுக்கு அதுதான் நடந்துச்சு. சாதாரண அடைப்புன்னு நினைச்சு ரெண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்தோம். மூளையில கசிஞ்சுது. பேச்சு அப்பதான் போச்சு."

 டாக்டர் தணிந்த குரலில் தொடர்ந்தார்.

"டூட்டி டாக்டர் அன்னிக்கே கேட்டிருக்கார். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா, யாராவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களான்னு. கூட வந்த பெரியவர், அவங்க சித்தப்பா, இல்லன்னு சொல்லிட்டார். பெரியவனுக்குக்கூட வேற ஏதோ காரணம்னு சொல்லிட்டார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மாத்திரையை நாங்க சேர்த்தே கொடுத்திருக்க மாட்டோம்."

கிடுக்கி மேஜையில் கிடந்த மருந்துக் கம்பெனித் தாளைத் திருப்பி, பேனாவை எடுத்து ஒரு பிறை வரைந்தார். ஓரமெல்லாம் பல். நடுவே காலி. தாளைத் தள்ளினார்.

டாக்டர் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்களே. எந்த பேஷன்ட் சொன்னது?"

"பேஷன்ட் இல்ல டாக்டர். ஊர்ல பாதி வீட்டு கேட்."

"என்ன விளையாடறீங்களா? ஒற்றைத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி சிலருக்குக் கண்ணுல தெரியறதும்மா இது. அச்சு அசல் இப்படியே, பல் பல்லா மினுக்கிட்டு நகரும், நடுவுல பார்வை இருக்காது. நான் சொன்ன பரம்பரை வியாதியில, வாதம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே இந்தத் தலைவலி வந்துடும்."

 சின்னவனின் கறுப்புக் கண்ணாடியும் நெற்றிப்பொட்டை அழுத்திய கையும் சில்லறையின் கண் முன்னால் வந்தன. தொழில் ரகசியமாம் தொழில் ரகசியம்! ஒரு குடும்பமே தன் வியாதியைக் கம்பியில் வளைத்துத் தெருத்தெருவாக மாட்டியிருக்கிறது, அதையும் பெருமையாக.

"அப்ப சித்தப்பா நிரபராதிங்களா மேடம்?" என்றான், ஆட்டோவில் ஏறும்போது.

"டீயைப் பொறுத்தவரைக்கும். அவருக்கும் இது இருந்து, அது அவருக்குத் தெரிஞ்சிருந்தா? 'இல்ல'ன்னு சொன்னப்போ, 'ஆமா'ன்னு தெரிஞ்சேதான் சொன்னாரா? அதைத்தான் இப்ப கேக்கப்போறோம்."

"கேட்டா சொல்லுவாரா?"

"வாயால சொல்ல மாட்டார்."

சித்தப்பாவின் பட்டறை துடைத்து வைத்தது போல் இருந்தது. அறுபதைத் தாண்டிய ஆள், தொப்பை இல்லை, காலில் நடைப்பயிற்சி ஷூ. மேஜை மேல் பி.பி. பார்க்கும் மெஷின். அதன் பக்கத்திலேயே இரண்டு புதுச் சிகரெட் பாக்கெட். உள்ளே அவருடைய ஒரே மகன், முப்பது வயது, தரையில் உட்கார்ந்து ஒரு தகரத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். எந்நேரமும் கையில் சாக்குக்கட்டியோடு திரிவதால் பட்டறையில் அவனுக்குப் பெயர் சாக்பீஸ்.

"அண்ணன் பசங்க கேஸ்தானே? என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்றார் சித்தப்பா. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "என் அண்ணன் ரத்தம் மேடம் அவங்க. என் கண்ணு முன்னாடியே ஒவ்வொருத்தரா சாயறாங்க."

"உங்க மாதிரி சித்தப்பா கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் கிடுக்கி. பேசிக்கொண்டே மேஜையிலிருந்த பாக்கெட்டைப் பிரித்தார். "இது சின்னவனுக்கா?"

"ஆமா, பாவம், கவலையில இருக்கான். ஊதினா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"உங்க பையனும் பாருங்க, காலையிலருந்து குனிஞ்சே வேலை பார்க்கிறார். தம்பி, இந்தாங்க, ஒண்ணு பத்தவெச்சுட்டு யோசிங்க. டிசைன் பிச்சுக்கிட்டு வரும்." ஒரு சிகரெட்டை சாக்பீஸின் உதட்டருகே நீட்டிவிட்டார். "சில்லறை, தீப்பெட்டி."

சில்லறை உரசினான். சாக்பீஸ் வெட்கப்பட்டுக்கொண்டே, ஆசைப்பட்டுக்கொண்டே வாயைக் கொண்டுவந்தான்.

சித்தப்பா மேஜையைச் சுற்றி வரவில்லை, தாண்டினார். பி.பி. மெஷின் கீழே விழுந்து உடைந்தது. மகனின் உதட்டிலிருந்த சிகரெட்டைத் தட்டிவிட்டு, காலால் மிதித்து நசுக்கினார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அது அவனைக் கொன்னுடும்!"

"ஒரு சிகரெட்டா?"

"எங்க ரத்தத்துக்கு அது..." சித்தப்பா அங்கேயே நிறுத்தினார். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"எங்க ரத்தம்" என்றார் கிடுக்கி, மெதுவாக. "இப்பதானே அண்ணன் ரத்தம்னு அழுதீங்க? உங்க பையனுக்கு ஆகாதது அண்ணன் பசங்களுக்கு மட்டும் ஆறுதலா? வெளியூர் போய் டெஸ்ட் எடுத்துக்கிட்டீங்க. தெரிஞ்சுக்கிட்டு வந்து நீங்க சிகரெட்டை விட்டீங்க, அவங்களுக்கு வாங்கிக்கொடுத்தீங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்போ இல்லன்னீங்க."

சித்தப்பாவின் முகத்திலிருந்து பாசம் வழிந்து இறங்கியது. அடியில் இருந்தது வேறு முகம். முப்பது வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்த முகம்.

"நான் யாரையும் தொடல. சும்மா இருந்தேன். சும்மா இருந்தா குத்தமா?" என்றார். "என் அண்ணன் எனக்குப் பண்ணினது தெரியுமா உங்களுக்கு? அந்த ரம்பப்பல் டிசைன் என்னுது! என் கண்ணுல தெரிஞ்சது, எனக்கு மட்டும் தெரிஞ்சது. அண்ணன்னு நம்பி அவன்கிட்ட சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள, எனக்கும் தெரியும்டான்னான். அடுத்த வாரம் அதையே கேட் பண்ணி மாட்டிட்டான். ஊரே அவனைத் தூக்கி வெச்சு ஆடுச்சு. நான் அவன்கிட்டயே கூலிக்கு நின்னேன். அவன் வம்சம் இப்படி மடங்கி மடங்கி விழணும்னு எத்தனை நாள் வயிறெரிஞ்சிருப்பேன்! கடவுளே எடுத்துக் கையில கொடுத்த மாதிரி அந்த ரிசல்ட் வந்துச்சு. நான் ஏன் சொல்லணும்?"

"சொல்லியிருக்க வேண்டாம் சித்தப்பா. இப்ப உன் வாயாலயே மாட்டிக்கிட்ட, அது போதும்."

வாசலில் சின்னவன். டீக்கடையில் உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆளா அவன்? கையில் தீட்டிய கம்பி. கண்ணாடியைக் கழற்றியிருந்தான், கண் சிவந்திருந்தது. சில்லறை பழைய பழக்கத்தில் வாய்க்குள் விரலை விட்டு ஒரு விசில் அடித்தான். பஸ் நிற்கும், சின்னவன் நிற்கவில்லை.

"என் அண்ணனுக்கு அம்மான்னு கூப்பிடக்கூட வாய் வரலடா பாவி!" கம்பி ஓங்கியது.

"தம்பி, குத்தறதுக்கு முன்னாடி கீழ கிடக்கிற தகரத்தைப் பாரு" என்றார் கிடுக்கி. குரலை உயர்த்தக்கூட இல்லை.

சின்னவன் பார்த்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது. தகரத்தில் சாக்குக்கட்டியால் வரைந்த பிறை. ஓரமெல்லாம் பல். ஆனால் ஊரில் மாட்டிய கேட் மாதிரி இல்லை. பல்லுக்குள் பல், ஒவ்வொன்றும் நகர்வது போலச் சாய்வாக.

"இது எனக்கு வர்றதாச்சே" என்றான் சின்னவன். "தலைவலிக்கு முன்னாடி. இப்படியே நகரும். யார்கிட்டயும் நான் சொல்லலையே!"

"அது என் டிசைன்" என்றார் சித்தப்பா.

"யாருதும் இல்லப்பா" என்றான் சாக்பீஸ், சிகரெட் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தவன். "கொஞ்ச நாளா கண்ணுல தெரியுது. இன்னிக்குக் காலையிலகூட வந்துச்சு."

சித்தப்பா மகனைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். மறுபடி மகனைப் பார்த்தார்.

"டெஸ்ட் எடுத்த டாக்டர் தலைவலி உண்டான்னு கேட்டிருப்பாரே?" என்றார் கிடுக்கி.

"உண்டுன்னேன். கண்ணுல தெரியறதைச் சொல்லல" என்றார் சித்தப்பா. "தொழில் ரகசியம்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே விளங்கியிருக்கும். உங்கண்ணன் திருடல ஐயா. எனக்கும் தெரியும்டான்னு அவர் சொன்னது நிஜம். உங்க ரெண்டு பேர் கண்ணுலயும் ஒரே வியாதிதான் வரைஞ்சிருக்கு. நடக்காத திருட்டுக்கு ஒருத்தரை ஊமையாக்கிட்டீங்க. அடுத்தது யாருன்னு பாருங்க."

அந்த நேரத்தில்தான் சாக்பீஸின் கையிலிருந்த சாக்குக்கட்டி கீழே விழுந்து உடைந்தது. எடுக்கப் பார்த்தான், விரல் மடங்கவில்லை.

"அப்பா... கை மரத்து..." வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது.

சித்தப்பா அலறிய அலறலில் எதிர்த்தெருவே திரும்பிப் பார்த்தது. மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தவன் சின்னவன்தான். சாக்பீஸை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற டெம்போவுக்கு ஓடினான். ஏன் ஓடினான் என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. சித்தப்பா பின்னால் ஏறி, ஏற்றிவைத்திருந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிடுக்கியும் சில்லறையும் ஆட்டோ பிடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது, டூட்டி டாக்டர் கையில் ஊசி மருந்தோடு நின்றிருந்தார். இளம் ஆள், தூக்கமில்லாத கண்.

"இருக்கு டாக்டர்! எங்க குடும்பத்துல இருக்கு, ஊசி போட்டுடாதீங்க!" என்று சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, போன மாசம் இதே இடத்துல நின்னு இல்லன்னு சொன்னது நீங்கதானே? எனக்கு முகம் மறக்கல" என்றார் டாக்டர். "முதல் ஸ்கேன்ல கசிவு இல்ல. இது ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. சாதாரண அடைப்பா இருந்து இதைப் போடாம விட்டா, பையன் கை போயிடும். நீங்க சொல்ற வியாதியா இருந்து போட்டா, மூளையில கசியலாம். தலைவலியோட வந்த மரமரப்பா இருந்தா ஊசியே தேவைப்படாது, பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாம். நேரம் போயிட்டிருக்கு. அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" சின்னவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

சித்தப்பாவும் திரும்பினார். இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன.

 எந்தச் சொல்லால் நடு அண்ணன் ஊமையானானோ, அதே சொல் இப்போது சின்னவன் நாக்கு நுனியில். கம்பி வேண்டாம், போலீஸ் வராது, கோர்ட் கிடையாது. இல்ல என்றால் போதும். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், சும்மா இருப்பது எப்படி என்று சித்தப்பாவே கற்றுக்கொடுத்திருக்கிறார். சில்லறை முன்னால் பாய்ந்தான். கிடுக்கி அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூச்சு விடற நேரம் பார்ப்பேன். அவன் சொல்லலைன்னா நான் சொல்றேன்" என்று காதருகே சொன்னார். "ஆனா அவன் சொல்லணும்."

சின்னவன் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். கூப்பிய கையைப் பார்த்தான். கண்ணீர் வழிவதைப் பார்த்தான், இந்தத் தடவை அசல் கண்ணீர். அந்தப் பார்வையில் ஒரு பசி இருந்தது. ஒரு கணம் அது ஆறட்டும் என்று விட்டான்.

"இருக்கு டாக்டர்" என்றான். "எங்கப்பாவுக்கு இருந்திருக்கணும், அண்ணன்க ரெண்டு பேருக்கும் இருக்கணும். எனக்கும் கண்ணுல அதே தெரியுது. ஊசியைக் கீழ வைங்க, பெரிய ஸ்கேனை எடுங்க. மேல இருக்கிற நரம்பு டாக்டருக்கு எல்லாம் தெரியும், கூப்பிடுங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். சித்தப்பா தரையில் சரிந்து, சின்னவனின் காலைத் தொடப்போனார்.

"நீ நல்லா இருப்பேடா..."

"நில்லு." சின்னவன் காலை இழுத்துக்கொண்டான். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, சாக்பீஸின் காதில் அல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினான். "தம்பி, பயப்படாத, உனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. இது பாதிக்குப் பாதி உனக்கும் வரலாம்னு உங்கப்பாவுக்கு மூணு வருஷமா தெரியும். உன்கிட்ட சொன்னா எங்களுக்கும் தெரிஞ்சுடும்னு சொல்லல. நாங்க விழறதைப் பார்க்கிற ஆசையில உன்னையும் இருட்டுலயே விட்டுட்டார்."

சட்டைப்பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தான். பாதிதான் காலியாகியிருந்தது. தரையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் மடியில் போட்டான்.

"உன்னுது."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தான். சாக்பீஸ் நல்ல கையால் சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினான். வாய் கோணியிருந்தது. ஆனால் கேட்டது எல்லோருக்கும் புரிந்தது.

"அப்பா... தெரியுமா உனக்கு?"

சித்தப்பா வாயைத் திறந்தார். போன மாதம் இதே வராந்தாவில், கேட்ட கேள்வி முடிவதற்கு முன்பே 'இல்ல' என்று சொன்ன வாய் அது. இன்று அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தார். அது வரவில்லை.